மலக்கி மெக்கவர்னின் பையன்கள்

என் அப்பா மலக்கி மெக்கவர்ன் முப்பத்தொரு வருஷம் ஊரார் பிள்ளைகளுக்குக் கால்பந்து சொல்லிக்கொடுத்தார். எங்கள் தேவாலயத்துக்கு உட்பட்ட டிரம்கீலா பங்கில் பிறந்த எந்தப் பையனுக்கும் அவர் கையில் படாமல் மீசை முளைத்ததில்லை. எனக்கு அவர் ஒருநாள்கூடச் சொல்லிக்கொடுத்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் எங்கே நின்றுகொண்டு அவரைப் பற்றி எழுதுகிறேன் என்பது படிக்கிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

அவருடைய தொழில் பால் லாரி ஓட்டுவது. பண்ணை பண்ணையாகப் போய்ப் பாலை ஏற்றிக்கொண்டு ஆலையில் சேர்க்க வேண்டும். இருபத்து நாலு வயதில் அவருக்கு முழங்கால் போனது, ஆட்டமும் போனது. அந்த ஏப்ரலில் ஒரு சாயங்காலம் உதவிப் பங்குத்தந்தை எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாராம். "மலக்கி, நான் ஒரு சாவுக்குப் போகணும். சின்னப் பசங்க மைதானத்துல நிக்கிறாங்க. இன்னிக்கு ஒருநாள் மட்டும் பாத்துக்கோ." அந்த ஒருநாள் முடியவே இல்லை. அந்தப் பாதிரியார் மாற்றலாகிப் போய், ஓய்வு பெற்று, செத்தும் போய்விட்டார்.

எங்கள் ஆட்டத்தில் பந்தைக் கையாலும் பிடிக்கலாம், காலாலும் அடிக்கலாம். குறுக்குக் கம்பத்துக்கு மேலே போனால் ஒரு பாயின்ட், கீழே வலைக்குள் போனால் மூன்று. யாருக்கும் சம்பளம் கிடையாது. பிறந்த பங்குக்குத்தான் ஆட வேண்டும், சாகிறவரைக்கும். பக்கத்துப் பங்கில் நல்ல ஆட்டக்காரன் ஒருவன் இருந்தால் அவனைப் பார்த்து வயிறு எரியலாமே தவிர, வாங்கிவர முடியாது. அதனால் இங்கே பயிற்சியாளரின் வேலை, கர்த்தர் என்ன கொடுத்தாரோ அதை வைத்துக்கொண்டு ஒப்பேற்றுவது. ஞானஸ்நானத்துக்குப் போனால் அப்பா குழந்தையின் முகத்தைப் பார்க்கமாட்டார், காலைப் பார்ப்பார். பால் ஏற்றப் போகிற வீடுகளில் எவன் எவ்வளவு வளர்ந்திருக்கிறான் என்பது அந்த வீட்டுத் தாயைவிட அவருக்கு நன்றாகத் தெரியும்.

அவருக்கென்று ஒரு முறை இருந்தது. புதிதாக வருகிற பையன் முதல் மாதம் முழுக்கப் பழகாத காலால்தான் பந்தை அடிக்க வேண்டும். வலதுகால்காரன் இடதுகாலால், இடதுகால்காரன் வலதால். பையன்கள் அழுவார்கள். அம்மாக்கள் சண்டைக்கு வருவார்கள். அப்பா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பார். அவர் ஒரு பையனையும் திட்டிப் பார்த்ததில்லை. கோபம் வந்தால் தொப்பியைக் கழற்றுவார், அவ்வளவுதான். தொப்பி தலையை விட்டு இறங்கினால் பதினைந்து பையன்களும் வாயை மூடிக்கொள்வார்கள்.

சட்டைகளெல்லாம் எங்கள் வீட்டில்தான் துவைபடும். இருபத்து நாலு பச்சைச் சட்டைகள் கொடியில் தொங்கும்போது என் பள்ளிச் சீருடைக்கு இடம் இருக்காது. திங்கட்கிழமைகளில் ஈரப் பாவாடையோடு பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அவருடைய சாப்பாடு அடுப்புக்குள் ஒரு தட்டின்மேல் இன்னொரு தட்டைக் கவிழ்த்தபடி காய்ந்துகொண்டிருக்கும். அம்மா நுவாலா சிரித்துக்கொண்டே சொல்வாள், "எனக்குப் பொறந்தது ஒண்ணு, உங்கப்பாவுக்குப் பொறந்தது இருநூறு." அவளுக்கு அது சிரிப்பு. எனக்கு இல்லை.

அந்த இருநூறில் ஒருவன்தான் யூனன் கில்ரேன். எங்கள் வீட்டிலிருந்து இரண்டு வயல் தள்ளி அவன் வீடு. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. எட்டு வயதில் எங்கள் பக்கச்சுவரில் பந்தை அடித்துக்கொண்டிருந்தவன், அதற்குப்பிறகு அந்தச் சுவரை விட்டுப் போகவே இல்லை. அப்பா லாரியிலிருந்து இறங்கினதும் நேரே சுவர்ப்பக்கம் போவார். ஜன்னல் வழியாக அவர் குரல் கேட்கும். "குனியாத. தோள எறக்கு. ம்ம். இன்னொண்ணு." நான் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருப்பேன். அந்தக் குரலில் அவர் என்னிடம் எதுவும் பேசியதில்லை.

நானும் ஆடினேன். பெண்கள் அணிக்குப் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர் சொல்லிக்கொடுத்தார். மோசமில்லாமல் ஆடினேன் என்றுதான் நினைக்கிறேன். பதினான்கு வயதில் ஒருநாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டேன். "யூனனுக்குச் சொல்லிக் குடுக்குற அந்த ஃப்ரீ கிக்க எனக்கும் சொல்லிக் குடுப்பா."

அவர் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார். "உன் டீச்சர் நல்லாத்தான சொல்லிக் குடுக்குறாங்க. நான் ஒருநாள் அங்க வந்து நின்னேன்னு வை, அடுத்த ஞாயித்துக்கெழம நீ டீம்ல இருந்தா, அவங்கப்பன் வந்து சொன்னதாலதான்னு ஊரே பேசும். தேவையா நமக்கு?"

எங்கள் ஊரில் பயிற்சியாளரின் பிள்ளையாக இருப்பது ஒரு குற்றம். பெற்ற பிள்ளையை அணியில் போட்டவன் என்று ஒரு பேச்சு வந்துவிட்டால் ஒருவனால் அப்புறம் கோயிலில் நிமிர்ந்து நடக்க முடியாது. அப்பா சொன்னது நியாயம்தான். அந்த நியாயத்தைப் பல வருஷம் திருப்பித் திருப்பிப் பார்த்திருக்கிறேன். அதில் ஓட்டை எதுவும் இல்லை. அதுதான் எரிச்சல்.

எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். கால்வே நகரத்தில் சமூகவியல் படித்தேன். தன்னார்வ உழைப்பு சமூகத்தை எப்படிக் கட்டிக் காக்கிறது என்று கடைசி வருஷம் நாற்பது பக்கம் எழுதினேன். நல்ல மதிப்பெண் கொடுத்தார்கள். அதில் ஈரப் பாவாடை வரவில்லை. பட்டமளிப்பு அன்று அப்பா கோட்டுப் போட்டுக்கொண்டு வந்தார். பின் வரிசையில் உட்கார்ந்து கைதட்டினார். பிறகு மணியைப் பார்த்தார். பதினாறு வயதுப் பையன்களுக்கு ஏதோ அரையிறுதி. புகைப்படத்தில் நானும் அம்மாவும்தான் இருக்கிறோம்.

அவருக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்றுதான். கவுண்டிக் கோப்பை, எங்கள் மாவட்டத்துப் பங்குகளெல்லாம் மோதுகிற கோப்பை. டிரம்கீலா அதைக் கடைசியாக ஜெயித்தது அப்பா பிறப்பதற்குமுன். அவர் காலத்தில் மூன்று முறை இறுதிப்போட்டி வரைக்கும் போய் மூன்று முறையும் தோற்றார்கள். அதில் இரண்டு தோல்வி ஒரே மாதிரி. கடைசி நிமிஷம், ஆற்றுப்பக்கத்து கோல், வலது ஓரத்திலிருந்து ஒரு ஃப்ரீ கிக், பந்து கம்பத்துக்கு வெளியே.

நான் படிப்பு முடிந்து வீட்டுக்கு வந்த டிசம்பரில் கிளப்பின் ஆண்டுக்கூட்டம் நடந்தது. தலைவர் பாட்ஸி ஹெஸ்லின் அப்பாவோடு சின்ன வயதில் ஒன்றாக ஆடியவர். அவர் எழுந்து, வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டிவரலாம் என்று பேச்செடுத்தார். லோர்கன் டான்சி என்று பெயர், பக்கத்துக் கவுண்டியில் இரண்டு கோப்பை ஜெயித்துக் கொடுத்தவர்.

"இது உன்னப் பத்தின பேச்சு இல்ல மலக்கி," என்றார் பாட்ஸி.

"அப்ப யாரப் பத்தி? இந்த ரூம்ல வேற மலக்கி எவனாவது உக்காந்திருக்கானா?"

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டு வாக்குச்சீட்டில் டான்சி பெயரை எழுதினார்கள். அப்பாவுக்கு உதவியாளர் பொறுப்பு தருவதாகச் சொன்னார்கள். அவர் தொப்பியைக் கழற்றினார். பிறகு ஏதோ நினைவு வந்ததுபோல மறுபடி போட்டுக்கொண்டு வெளியே நடந்தார்.

அந்த வசந்தகாலம் முழுக்க எங்கள் வீட்டில் பொறாமை ஒரு விருந்தாளியைப்போல உட்கார்ந்திருந்தது. அப்பா மைதானத்துப் பக்கம் போகமாட்டார். ஆனால் மைதானத்தைச் சுற்றிப் போகிற சாலையில் பால் லாரி ஒருநாளைக்கு இரண்டு தடவை மிக மெதுவாகப் போகும். டான்சி ஆட்டக்காரர்களுக்கு, எவ்வளவு ஓடினான் என்று அளக்கிற கருவி வைத்த உள்ளாடைகளைக் கொண்டுவந்திருந்தார்.

"அது என்னது, முதுகுல பொட்டி?" என்று அப்பா கேட்டார்.

"எங்க ஓடுறாங்க, எவ்ளோ வேகம்னு கம்ப்யூட்டர்ல காட்டும்பா."

"மாட்டுக் காதுல டேக் போடுற மாதிரி. எங்க ஓடுறான்னு தெரிய பொட்டி எதுக்கு? கண்ணு இல்லியா அந்தாளுக்கு?"

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்த அணிக்கு நான் தண்ணீர் தூக்கினேன். வாரத்தில் மூன்று நாள் நூலகத்தில் வேலை, மற்றபடி சும்மா இருந்தேன். டான்சி கேட்டார், சரி என்றேன். ஆட்டம் நிற்கிற நேரத்தில் உள்ளே ஓடிப்போய்த் தண்ணீர் கொடுக்க வேண்டும். பயிற்சியாளர் ஏதாவது சொல்லி அனுப்பினால் அதையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். ஏன் ஒத்துக்கொண்டேன் என்று என்னையே கேட்டிருக்கிறேன். அப்பாவுக்கு வலிக்கட்டும் என்று ஒரு பக்கம். இன்னொரு பக்கம் வேறு. பயிற்சி முடிந்து நான் வீட்டுக்குள் நுழையும்போது அவர் சமையலறை மேஜையில் எனக்காகக் காத்திருப்பார். தேநீர்கூட ஊற்றி வைத்திருப்பார்.

"இன்னிக்கு என்ன பண்ணான் அந்தாளு? யூனன எங்க நிறுத்தினான்? நடுவுலயா? அடப்பாவி. அப்புறம்?"

என் வாழ்நாளில் அவர் என்னை இவ்வளவு கேள்வி கேட்டதில்லை. நான் கொஞ்சம் கொஞ்சமாகச் சொல்வேன். சில நாள் அவர் பொறாமை அடங்கிப்போகிற மாதிரி இருந்தால், டான்சியை யாரோ புகழ்ந்ததை எடுத்துவிடுவேன். அது மறுபடி பற்றிக்கொள்ளும். இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் அந்த ஏழெட்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன்.

அணி ஜெயித்துக்கொண்டே போனது. அக்டோபரில் இறுதிப்போட்டி.

"நான் வரல," என்றார் அப்பா.

"வராட்டி போங்க," என்றாள் அம்மா. "ஆனா சமையக்கட்டுல நின்னுக்கிட்டு என் ரேடியோவத் திட்டக்கூடாது. அது என்ன பாவம் பண்ணுச்சு?"

வந்தார். ஊர்க்காரர்களோடு பார்வையாளர் மேடையில் உட்காரவில்லை. ஆற்றுப்பக்கத்து கோலுக்கு அருகே, கம்பி வேலியைப் பிடித்துக்கொண்டு தனியாக நின்றார். முதல் பாதியில் எங்கள் பையன் ஒருவன் பந்தைக் கோட்டைவிட்டபோது நான் அவர் பக்கம் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் ஒரு நொடி வந்துபோனது வருத்தம் இல்லை. அதை எனக்கு நன்றாக அடையாளம் தெரியும்.

இரண்டாம் பாதியில் நாங்கள் ஆற்றுப்பக்கத்து கோலை நோக்கி ஆடினோம். பத்து நிமிஷம் இருக்கும்போது இரண்டு அணியும் சமம். யாருக்கோ அடிபட்டு ஆட்டம் நின்றது.

"டெர்வ்லா!"

வேலிப்பக்கமிருந்து அப்பா. ஓடினேன். ஏதோ ஒன்றை வலிக்க வலிக்கப் பிடுங்கி எடுக்கிறவர் மாதிரி பேசினார்.

"யூனன்கிட்ட சொல்லு. வலது பக்கத்துலேர்ந்து ஃப்ரீ கிக் கெடச்சா, மேடைக் கூரையில இருக்கிற கொடியப் பாக்க வேணாம். கொடி ஒரு பக்கமாப் பறக்கும், பாக்குறவன் காத்து பந்த இழுக்கும்னு தள்ளிக் குறி வெப்பான். கோல் முன்னாடி காத்தே கெடையாது. மேட மறைச்சிருது. ரெண்டு தடவ இதுலதான் போச்சு. நேரா நடுவுல அடிக்கச் சொல்லு. புரியுதா?"

"புரியுது."

"நான் சொன்னேன்னு சொல்ல வேணாம். அந்தாளு சொன்னதாவே இருக்கட்டும். போ, ஓடு."

ஒரு வருஷம் நெஞ்சில் வைத்து வளர்த்த பொறாமையை அவர் அந்த வேலிக்கு மேலே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டார். கோப்பை வந்தாலும் அது அவர் கோப்பையாக இருக்காது என்று தெரிந்தே கொடுத்தார். நான் அதைத் தூக்கிக்கொண்டு அறுபது அடி ஓடினேன்.

யூனன் முழங்காலில் கை வைத்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். பாட்டிலை வாங்கிக் குடித்தான். என் முகத்தைப் பார்த்தான்.

"என்ன, ஏதாவது சொன்னாரா?"

அவன் டான்சியைத்தான் கேட்டான். எனக்கு வாய்வரை வந்தது. அந்த வாக்கியம், அந்தக் குரல். எல்லாம் இவனுக்கு. தோற்கிற நாளிலும் இவனுக்கு, விலக்கி வைத்தபிறகும் இவனுக்கு. என் வழியாக, எனக்கில்லாமல், இவனுக்கு.

"ஒண்ணுமில்ல. தண்ணி," என்றேன்.

கடைசி நிமிஷத்தில் ஃப்ரீ கிக் கிடைத்தது. வலது ஓரம். யூனன் பந்தைத் தரையில் வைத்தான். தலையைத் தூக்கிக் கூரைக்கொடியைப் பார்த்தான், ரொம்ப நேரம் பார்த்தான். நான் கோட்டோரமாக நின்றிருந்தேன். என் கால்கள் உள்ளே ஓடப் பார்த்தன. ஆட்டம் நின்றிருந்தது, ஓடியிருக்கலாம். ஓடவில்லை. அவன் தவறவிடட்டும் என்று வேண்டிக்கொண்டேனா என்று கேட்டால், ஆமாம், வேண்டிக்கொண்டேன். முப்பத்தொரு வருஷத்தை, என் அப்பா ஆசைப்பட்ட ஒரே பொருளை எதிரில் வைத்துக்கொண்டு அதைத்தான் வேண்டினேன்.

அவன் நேராக நடுவில் அடித்தான்.

பந்து கம்பங்களுக்கு நடுவே மேலே போனது. அதோடு விசில். ஜனங்கள் வேலி தாண்டிக் கொட்டினார்கள். டான்சியைத் தோளில் தூக்கிவிட்டார்கள். நான் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் நிற்கும்போது அப்பா கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார். தொப்பி எங்கேயோ போயிருந்தது.

"சொன்னியா? அவன்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன்பா."

அவர் என்னைக் கட்டிக்கொண்டார். பால் வாடையும் மழை வாடையும் அடித்தது. "நீதான்டி. நீதான்டி," என்று என் தலைமேல் சொல்லிக்கொண்டே இருந்தார்.

எங்கள் பக்கம் ஜெயித்த கோப்பை பேருந்திலேயே ஊருக்குள் வராது. பங்கின் எல்லைப் பாலத்தில் எல்லோரும் இறங்கி, அங்கிருந்து கோப்பைக்குப் பின்னால் நடந்துதான் வர வேண்டும். பாலத்தில் நெருப்பு மூட்டியிருந்தார்கள். யூனன் கோப்பையோடு இறங்கியதும் அப்பா நேரே அவனிடம் போனார். டான்சி சொன்னதாகவே இருக்கட்டும் என்றவர், மகள் ஓடியதை மட்டும் மறைக்க முடியாதவராக இருந்தார்.

"என் பொண்ணு வந்து சொன்னதக் கேட்டு அடிச்ச பாரு, அது போதும்டா எனக்கு. அது போதும்."

யூனன் என்னைப் பார்த்தான். நெருப்பு வெளிச்சத்தில் நான் மறைந்துகொள்ள இடமில்லை. அவன் கண் ஒருமுறை சுருங்கியது. பிறகு அப்பா பக்கம் திரும்பினான்.

"ஆமா மலக்கி. அவ மட்டும் வந்து சொல்லலன்னா நான் தள்ளித்தான் அடிச்சிருப்பேன்."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். நான் யூனன் பக்கத்தில் நடந்தேன்.

"உனக்கு எப்படித் தெரியும்?" என்றேன்.

"நமக்குப் பதிமூணு வயசு இருக்கிறப்ப, போன தடவ தோத்த அன்னிக்கு, கார்ல திரும்பி வர்றப்ப சொன்னாரே. கொடி, மேட, காத்து, எல்லாம். அவருக்கு மறந்துபோச்சு போல." கோப்பையைக் கை மாற்றிக்கொண்டான். "நீயும்தான கார்ல இருந்த. நம்ம ரெண்டு பேருக்கும் சேத்துத்தான் சொன்னாரு."

அந்தக் கார்ப் பயணம் எனக்கு நினைவிருக்கிறது. ஜன்னலில் மழை ஒழுகியது நினைவிருக்கிறது. அவர் அவனிடம் பேசிக்கொண்டே வந்தார், நான் காதை மூடிக்கொண்டு வந்தேன். அவ்வளவுதான் நினைவிருக்கிறது.

"ஏன் எனக்காகப் பொய் சொன்ன?" என்று கேட்டேன்.

"உனக்காகன்னு யாரு சொன்னா?" என்றான் அவன். சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டான். அந்தப் பதிலுக்காகவும் அவன்மேல் எனக்குப் பொறாமைதான். அவரை எப்படி நேசிக்க வேண்டும் என்பதுகூட அவனுக்குத்தான் தெரிந்திருக்கிறது.

அதற்குப்பிறகு அப்பா எந்த அணிக்கும் போகவில்லை. பாட்ஸி இரண்டு தடவை வந்து கேட்டார். "போதும் பாட்ஸி, எனக்குக் கெடைக்க வேண்டியது கெடச்சாச்சு," என்று அனுப்பிவிட்டார். பால் ஏற்றப் போகிற வீடுகளில் எல்லாம் இந்தக் கதையைத்தான் சொல்கிறாராம். மகள் வேலியிலிருந்து ஓடினாள், சொன்னாள், அவன் அடித்தான். கதையில் நான் வேகமாக ஓடுகிறேன், எதையும் மறைக்கவில்லை. அந்தப் பெண்ணைப் பற்றிப் பேசும்போது அவர் குரலில் வருகிற பெருமையைக் கேட்டால், அவளைப் பிடித்து இரண்டு அறை அறையலாம்போல இருக்கிறது எனக்கு.

போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது பாட்ஸி வழி மறித்தார். கூட நாலைந்து பேர். அப்பா ஓர் அடி பின்னால் நின்றிருந்தார்.

"ஏம்மா டெர்வ்லா, உங்கப்பன் தினமும் சொல்லிச் சொல்லி எங்க காது புளிச்சுப்போச்சு. நீயே சொல்லு, அன்னிக்கு அவன்கிட்ட என்னதான் சொன்ன?"

அப்பா என்னைப் பார்த்தார். நான் சொன்னேன். கொடியைப் பார்க்காதே, கோல் முன்னாடி காற்றே கிடையாது, மேடை மறைத்துவிடும், நேராக நடுவில் அடி. மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதைக்கூட விடாமல் சொன்னேன். யூனன் பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுத் தலையாட்டினான் என்று நானாக ஒன்றைச் சேர்த்தும் சொன்னேன்.

"இது எனக்கே தெரியாதே!" என்றார் அப்பா, சந்தோஷத்தில் முகம் சிவக்க. "தலையாட்டினானா? இதச் சொல்லவே இல்லியேடி நீ."